வாங்காத பணத்தின் கணக்கு

பெங்களூரு அல்சூரில் ஒரு சின்ன கிளினிக்கின் வரவு செலவும் நிர்வாகமும் என் பொறுப்பு. எங்கள் டாக்டரம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. யாரிடமாவது காசு வாங்க வேண்டாம் என்று தோன்றினால் மருந்துச் சீட்டின் மூலையில் பென்சிலால் சிறு வட்டம் போட்டுவிடுவார். வந்தவருக்கு அது என்னவென்று தெரியாது. சீட்டைப் பார்த்ததும் நான், "சரிங்கம்மா, போய்ட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவேன்.

அந்த வட்டங்களுக்கென்று நோட்டில் தனிப் பத்தி ஒன்று போட்டேன். 'வாங்காதது' என்று தலைப்பு. மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால், எங்கள் நர்ஸின் சம்பளத்துக்குக் கிட்டத்தட்ட சமமாக வந்தது. அந்தப் பெண்ணின் சம்பள உயர்வு தள்ளிப்போய்க்கொண்டே இருந்த சமயம் அது. இரக்கப்பட்டவர் டாக்டரம்மா. ஆனால் அந்தப் பணத்தைக் கையிலிருந்து கொடுத்தது யார் என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை.

கிளினிக்கின் செலவுகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கட்டட வாடகை வருடா வருடம் ஏறும். மஞ்சள் பையிலும் சிவப்புப் பையிலும் பிரித்துவைத்த மருத்துவக் கழிவை எடுத்துப் போகிறவர்களுக்கு மாதப் பணம் கட்டியாக வேண்டும். தடுப்பூசி வைத்திருக்கும் ஃபிரிட்ஜை ஒரு மணி நேரம்கூட அணைக்க முடியாது. தேதி முடிந்த மருந்தைத் தூக்கி எறிவதும் செலவுதான். இவற்றில் எதுவும் நம் நல்ல மனசுக்காகக் குறையாது. இழுத்துப் பிடிக்க முடிகிற ஒரே இனம் சம்பளம். அதிலும் ஆயாவின் சம்பளம், நர்ஸின் சம்பளம். எழுதிவைக்காத தர்மம் அவர்கள் தலையில்தான் போய் விடிகிறது.

பல டாக்டர்களுக்கு இது தெரிவதே இல்லை. அதற்குச் சட்டமும் ஒரு காரணம். 2016 பட்ஜெட்டில் வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவாக வந்த விதி, ஆண்டு வரவு 50 லட்சம் வரையுள்ள டாக்டர், வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும், கணக்குப் புத்தகம் வேண்டாம் என்கிறது. ரொக்கமாக வந்தது 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சம் வரை போகலாம். வரி கட்டுவதற்கு இது பெரிய சௌகரியம், நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அரசாங்கத்துக்குக் கணக்கு வேண்டாம் என்பதால் நமக்கும் வேண்டாம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள்.

இதே ஊரில், ஓசூர் சாலையில் பொம்மசந்திராவில், இதற்கு நேர்மாறான ஒரு வழக்கம் இருந்தது. டாக்டர் தேவி ஷெட்டி தொடங்கிய நாராயண ஹ்ருதயாலயா மருத்துவமனையில், முந்தின நாளின் வரவு, செலவு, லாபத்தை மூத்த டாக்டர்களுக்கே குறுஞ்செய்தியில் அனுப்பினார்கள். மாதக் கடைசியில் கணக்கு பார்ப்பது பிரேதப் பரிசோதனை மாதிரி, தினமும் பார்த்தால்தான் நோயைக் கண்டுபிடிக்கலாம் என்பது அவர் கருத்து. அறுவை சிகிச்சை செய்கிறவரைக் கல்லாப்பெட்டி பக்கம் பார்க்க வைப்பதா என்று சிலருக்குக் கூசும். எனக்குக் கூசவில்லை. இன்று எத்தனை பேருக்குக் குறைத்துக் கொடுக்கலாம் என்பது நேற்றைய கணக்கு தெரிந்தவருக்குத்தான் தெரியும். கணக்கோடு உதவுவதற்கு இன்னொரு உதாரணமும் உண்டு. 2003ல் கர்நாடகக் கூட்டுறவுச் சங்க விவசாயிகளுக்காக யஷஸ்வினி காப்பீட்டுத் திட்டம் வந்தபோது சந்தா மாதம் 5 ரூபாய். 15 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். அந்த யோசனைக்குப் பின்னாலும் தேவி ஷெட்டி இருந்தார்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சொல்லாமல் இருக்க முடியாது. அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976ல் 11 படுக்கைகளோடு ஆரம்பித்தது. பணம் கொடுப்பவர்களின் கட்டணமே இலவச சிகிச்சையையும் தாங்கும்படி அமைத்தார்கள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸின் விலை தாங்காது என்று தெரிந்ததும் 1992ல் ஆரோலேப் தொடங்கித் தாங்களே செய்தார்கள். ஒரு கண்ணுக்கு என்ன செலவு ஆகிறது என்று துல்லியமாகத் தெரிந்ததால் எடுக்க முடிந்த முடிவு அது.

இரக்கமில்லாமல் கணக்கு மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதையும் கர்நாடகம் பார்த்திருக்கிறது. 2017ல் தனியார் மருத்துவ நிறுவனச் சட்டத்தைத் திருத்தப் போனபோது டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தத் திருத்தத்தில், பாக்கிக்காக இறந்தவரின் உடலைத் தர மறுக்கக்கூடாது என்று ஒரு விதி. இதைக்கூடச் சட்டம் போட்டுச் சொல்ல வேண்டியிருந்ததே என்று இன்றும் மனம் வலிக்கிறது.

'வாங்காதது' பத்தியை டாக்டரம்மாவிடம் காட்டியபோது அவர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வட்டம் போடுவதை நிறுத்தவில்லை. முதலில் தன் பங்கில் இவ்வளவு என்று மாதா மாதம் ஒதுக்கச் சொன்னார். மீதிக்கு, கொடுக்க முடிந்தவர்களுக்கான கட்டணத்தைக் கொஞ்சம் ஏற்றி, புதுக் கட்டணத்தைப் பலகையில் எழுதி மாட்டினோம். நர்ஸின் உயர்வு அடுத்த சம்பளத்திலேயே போனது.

இன்னும் தீராதது ஒன்று உண்டு: யாருக்கு வட்டம்? கையில் வளையல் போட்டவர் கடனில் இருக்கலாம், உணவு டெலிவரி சட்டை போட்ட பையன் தாராளமாகக் கொடுக்கலாம். சோமேஸ்வரர் கோவில் பக்கம் பூ விற்கும் பாட்டி ஒருவருக்கு வட்டம் போட்டு அனுப்பினார் டாக்டரம்மா. பாட்டி நகரவில்லை. "இனாமா வேணாம் கண்ணு. பாக்கின்னு எழுதி வை, வெள்ளிக்கிழமை வியாபாரம் ஆனதும் தர்றேன்" என்றார். நோட்டில் 'பாக்கி' என்று இன்னொரு பத்தி வந்தது அப்படித்தான். இப்போதெல்லாம் டாக்டரம்மா பென்சிலை எடுப்பதற்கு முன்னால், "இப்ப தர்றீங்களா, அப்புறமா தர்றீங்களா?" என்று கேட்டுவிடுகிறார். அப்புறம் என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோர் திரும்பி வந்து கொடுக்கிறார்கள்.