இரவல் கண்ணீர்

கடைசியாக நீங்கள் எப்போது அழுதீர்கள்?

சாவு வீட்டில் அழுததைக் கேட்கவில்லை. செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு, பஸ்ஸிலோ படுக்கையிலோ, முன்பின் தெரியாத யாரோ ஒட்டிச் சேர்த்த இரண்டு நிமிட வீடியோவைப் பார்த்து அழுதீர்களே, அதைக் கேட்கிறேன். பக்கத்தில் இருப்பவர் பார்த்துவிடப் போகிறாரே என்று, தூசி விழுந்த மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். அப்புறம் கட்டைவிரல் தானாகத் திரையை மேலே தள்ளியது. அடுத்து வந்தது முட்டை தோசை போடுவது எப்படி என்ற வீடியோ. அதையும் பார்த்தீர்கள்.

நானும் அப்படித்தான். அந்த முட்டை தோசைதான் என்னை உறுத்துகிறது.

சாத்தூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். சாத்தூர் என்றதும் உங்களுக்குக் காரசேவு ஞாபகம் வரும். வெள்ளரிக்காய் ஞாபகம் வரும். கொஞ்சம் வயசானவர்களுக்குப் பேனா நிப்பும் ஞாபகம் வரலாம். அன்றைக்குத் திடீர் மழை. ஒதுங்கிய இடம் ஒரு சின்ன ஸ்டுடியோ. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, காதுகுத்து வீடியோ, பூப்புனித பேனர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று மனுஷ வாழ்க்கை மொத்தத்துக்கும் அங்கே விலைப்பட்டியல் ஒட்டியிருந்தது. கம்ப்யூட்டர் முன்னால் இருபத்திரண்டு வயசுப் பையன் ஒருவன்.

"உக்காருங்க அண்ணாச்சி, மழை விடட்டும்" என்றான். சும்மா உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து, "ஒண்ணு காட்டவா?" என்று கேட்டான்.

காட்டினான். ஜப்பான் கார்ட்டூன் படம். அண்ணன் ஒருவன், முதுகில் சின்னத் தங்கச்சி. குண்டு விழுந்து எரியும் ஊர். பின்னால் இளையராஜாவின் பழைய பாட்டு ஒன்று. அந்தப் பாட்டுக்கும் அந்தப் படத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. மூன்று நிமிஷம் ஓடியது. பாதியிலேயே எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

"அழுதுட்டீங்கல்ல?" என்றான் பையன். சேவுக்கடைக்காரர் 'காரம் கரெக்டா இருக்கா' என்று கேட்பாரே, அந்தத் திருப்தி முகத்தில்.

இந்த வகை வீடியோவுக்கு ஏ.எம்.வி. என்று பெயர். ஜப்பானிய அனிமே படங்களிலிருந்து காட்சிகளை வெட்டி, வேறு ஏதாவது பாட்டோடு சேர்த்து ரசிகர்களே செய்வது. 1982-ல் ஜிம் கப்போஸ்டாஸ் என்ற அமெரிக்க இளைஞர் இரண்டு வி.சி.ஆர்களை இணைத்து ஆரம்பித்துவைத்தார் என்பார்கள். ஒரு விண்வெளிச் சண்டைத் தொடரின் வெடிகுண்டுக் காட்சிகளை எடுத்து, அன்பைப் பற்றிய பீட்டில்ஸ் பாட்டின் மேல் ஒட்டினார். ஆக, முதல் வீடியோ அழுவதற்குச் செய்ததல்ல, சிரிப்பதற்கு. அழுகை பிறகு வந்து சேர்ந்தது. இன்றைக்குச் சாத்தூர் வரைக்கும் வந்துவிட்டது. 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' படம் தமிழ் பேசிக்கொண்டே நம் தியேட்டர்களுக்கு வந்ததே, முதல் வரிசையில் விசிலடித்தவர்கள் இந்தப் பையனின் சேக்காளிகள்தான்.

எப்படிச் செய்கிறாய் என்று கேட்டேன். உற்சாகமாகிவிட்டான்.

"பாட்டுல தாளம் விழுற எடத்துல கட் பண்ணணும்னு எல்லாரும் நெனைப்பாங்க. துன்பப் பாட்டுக்கு அது சரிப்படாது. தாளத்துக்கு ஒரு முடி முந்தி வெட்டணும். இல்ல, கொஞ்சம் பிந்தி வெட்டணும். புஸ்வாணத்துல திரி பத்துன பொறவு ஒரு நிமிஷம் சும்மா இருக்கும் பாருங்க, எல்லாரும் மூச்சப் புடிச்சிக்கிட்டு நிப்போமே, அந்த எடம்தான் முக்கியம்" என்றான்.

பட்டாசு ஊர்ப் பையன். வேறு எப்படிச் சொல்வான்? உதடு அசைகிற காட்சிகளைத் தவிர்த்துவிடுவானாம். பேசுகிற வாய் பாட்டைக் கெடுக்கும். சும்மா பார்த்துக்கொண்டிருக்கும் முகம்தான் அவனுக்கு வேண்டும். 'சும்மா இருக்குற மூஞ்சியில நாம எதை வேணும்னாலும் ஊத்தலாம்' என்பது அவன் சித்தாந்தம்.

அவனுக்குத் தெரியாது, இதையே நூறு வருஷத்துக்கு முன்னால் ரஷ்யாவில் குலெஷோவ் என்ற இயக்குநர் செய்து பார்த்துவிட்டார். ஒரு நடிகரின் எந்த உணர்ச்சியும் காட்டாத முகம். அதை ஒரு கிண்ணம் சூப்புக்கு அடுத்து வைத்தார். அப்புறம் ஒரு சவப்பெட்டிக்கு அடுத்து வைத்தார். பார்த்தவர்கள், 'ஆகா, பசியை என்னமாய்க் காட்டுகிறார், துக்கத்தை என்னமாய்க் காட்டுகிறார்' என்று பாராட்டினார்களாம். இரண்டு இடத்திலும் ஒரே முகம்தான். துக்கத்தைக் கொண்டுவந்தது பார்த்தவர்கள்.

இங்கேதான் என் கேள்வி ஆரம்பிக்கிறது. படம் ஒருவருடையது, பாட்டு இன்னொருவருடையது, துக்கம் நம்முடையது. இத்தனையும் இரவல் வாங்கி வரவழைக்கிற கண்ணீர் நிஜமா, ஏமாற்றா?

ஏமாற்று என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். ஆனால் தொல்காப்பியர் அழுகைக்கு நான்கு காரணம் சொல்கிறார்: பிறர் இகழ்வது, உரியவரை இழப்பது, இருந்த நிலையிலிருந்து தாழ்வது, இல்லாமை. சாத்தூர்ப் பையன் எடுத்துக்கொண்ட படத்தில் நான்குமே இருக்கின்றன. 1988-ல் இசாவோ தகஹாதா இயக்கிய 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்', அதாவது மின்மினிகளின் கல்லறை. 1945-ல் கோபே நகரம் குண்டுவீச்சில் எரிகிறது. பதினாலு வயசு அண்ணனும் நாலு வயசுத் தங்கையும் தாயை இழக்கிறார்கள், அத்தை வீட்டில் சொல்லடி படுகிறார்கள், வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் குகை மாதிரியான இடத்தில் குடியேறுகிறார்கள், பசியில் சாகிறார்கள். அழுவதற்குக் காரணம் இல்லாமல் நாம் அழவில்லை. காரணம் படத்திலேயே இருக்கிறது.

அப்படியானால் வெட்டியதில் என்ன போயிற்று? 89 நிமிஷப் படத்தை மூன்று நிமிஷமாக்கினால் போனது 86 நிமிஷம் மட்டும் இல்லை. முழுப் படத்தில் அந்த அண்ணன் வீம்புக்காரன். அத்தை சுடுசொல் சொல்கிறாள்தான். ஆனால் கஷ்ட காலத்தில் அவள் வீட்டிலும் அரிசிக்குத் தட்டுப்பாடுதான். கோபித்துக்கொண்டு தங்கையையும் கூட்டிக்கொண்டு வெளியேறியது அவன் முடிவு. படம் நம்மை அழவைத்துவிட்டு, 'அவன் அங்கேயே பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கலாமோ' என்று தூங்கவிடாமலும் செய்கிறது. பையனின் மூன்று நிமிஷத்தில் அண்ணன் தெய்வம், அத்தை பேய். அழுதுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

இன்னொரு விஷயம் சொல்கிறேன். இந்தக் கதையை எழுதிய அகியுகி நொசாகா, போரில் தன் குட்டித் தங்கையை நிஜமாகவே பட்டினிக்குப் பறிகொடுத்தவர். 1967-ல் இதை எழுதினார். கதையில் வருகிற அண்ணனைப் போல நான் அவ்வளவு நல்லவனாக இருக்கவில்லை, அவள் பங்குச் சாப்பாட்டையும் தின்றிருக்கிறேன் என்று பிற்காலத்தில் ஒத்துக்கொண்டார். யோசித்துப் பாருங்கள். அவரும் எடிட்தான் செய்திருக்கிறார்! தன் சுயநலத்தை வெட்டி எறிந்துவிட்டு, கொடுக்காமல் விட்ட அன்பை ஒட்டிவைத்திருக்கிறார். ஆனால் அவர் வெட்டியது தங்கையிடம் பட்ட கடனுக்காக. தான் வெட்டியது என்ன என்று சாகும்வரை அவருக்குத் தெரிந்திருந்தது.

இதையெல்லாம் பையனிடம் சொன்னேன். கேலி செய்வான் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் மழையைப் பார்த்துக்கொண்டு இருந்தான். அப்புறம், "நான் ஒரு தடவை பெரிய தப்புப் பண்ணிருக்கேன் அண்ணாச்சி" என்றான.

அந்தப் பக்கத்தின் கதை உங்களுக்குத் தெரியும். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி, 2021 பிப்ரவரியில் சாத்தூர் பக்கத்து அச்சன்குளம் என்று பேப்பரில் பெயர் வந்த விபத்துகள் உண்டு. இரண்டு வரிச் செய்தியாக முடிந்துபோனவையும் உண்டு. அப்படி ஒரு சின்ன விபத்தில் இவன் தெருக்காரர் ஒருவரும் சிக்கினார். சாயங்காலமே பையனின் நண்பர்கள் வந்துவிட்டார்கள். 'ஒரு ஸ்டேட்டஸ் போடுடா மாப்ள, சும்மா உருக்கமா.' இவனும் அவருடைய பழைய கல்யாண போட்டோவை எடுத்து, ஓரத்தில் மெழுகுவத்தி எரியவிட்டு, படு சோகமான பாட்டு ஒன்றைப் போட்டு, பத்தே நிமிஷத்தில் முடித்துக் கொடுத்தான். ராத்திரிக்குள் ஊர் முழுக்கப் பரவியது. எல்லோரும் அழுதார்கள்.

"அவரு அப்ப உசுரோட இருந்தாரு அண்ணாச்சி."

மதுரையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்திருக்கிறார். வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்த அவர் மனைவியின் போனுக்கே அந்த வீடியோ போயிருக்கிறது. மூன்றாம் நாள்தான் இறந்தார்.

பதினாறாம் நாளுக்கு முன்னால் இவன் அந்த வீட்டுக்குப் போனான். அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்று. அந்த அம்மா அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "அந்தப் பாட்டை ஏன் தம்பி போட்டே? அவுகளுக்கு அழுகுணிப் பாட்டே ஆகாதே."

அப்புறம் அவரே, "வேற ஒண்ணு செஞ்சு தாரியா?" என்றாராம். ரெண்டு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இந்த போட்டோ வேண்டாம், இதில் மஞ்சள்காமாலையில் கிடந்து எழுந்திருந்தாக. இருக்கன்குடி கோயிலில் மகளைத் தோளில் தூக்கிவைத்திருக்கும் படம் இருக்கு பாரு, அதை வை. பாட்டு, அவர் குடித்துவிட்டு வந்தால் ஆடுகிற குத்துப்பாட்டு. "குடிச்சாகன்னு தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போகுது, குடிச்சாகதானே" என்றாராம். அந்த வீடியோ எந்த குரூப்பிலும் போகவில்லை. அந்த அம்மாவின் போனில் மட்டும் இருக்கிறது.

"அன்னைக்குத்தான் எனக்கு எடிட்டிங்னா என்னான்னு தெரிஞ்சுச்சு" என்றான்.

எனக்கு எங்கள் ஊர் ஒப்பாரிக்காரக் கிழவி ஞாபகம் வந்தது. கூலிக்கு மாரடிப்பது என்று நாம் ஏளனமாகச் சொல்கிறோம். அவளும் இரவல்காரிதான். மெட்டு பழசு, சொல் பழசு. எல்லாச் சாவுக்கும் அதே தங்கத் தேர், அதே வாழைக் குருத்து. ஆனால் உட்கார்ந்து பாடுவதற்கு முன்னால், கொல்லைப்புறமாகப் போய் வீட்டுப் பெண்களிடம் காதோடு காதாக விசாரிப்பாள். பேர் என்ன, பிள்ளை எத்தனை, மூத்தவன் வந்துவிட்டானா, சீக்கா, திடீர்ச் சாவா, யாரோடு பேச்சுவார்த்தை இல்லை? கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் வாயைத் திறப்பாள். அதனால்தான் அந்தப் பழைய மெட்டு அன்றைக்கு அந்த ஒரு ஆளுக்காகவே பிறந்த மாதிரி இருக்கும்.

இரவல் வாங்குவது தப்பில்லை என்றுதான் இப்போது எனக்குப் படுகிறது. கேட்காமல் வாங்குவதுதான் தப்பு. செத்தவர் யார் என்று கேட்காமல், இருக்கிறாரா என்றுகூடக் கேட்காமல், எனக்கு உருக்கம் வேண்டும் என்பதற்காக அவர் முகத்தை எடுத்துக்கொள்வது திருட்டு.

கார்ட்டூன் பிள்ளைகளிடம் யார் போய்க் கேட்பது என்பீர்கள். நியாயம்தான். அங்கே கேட்பது என்றால் முழுசாகப் பார்ப்பது என்று அர்த்தம். எதை வெட்டினேன் என்று வெட்டியவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்து வெட்டினால் அது ஒரு வாசல். பார்த்தவர் உள்ளே போகலாம். தெரியாமல் வெட்டினால் அது வாசல் படம் வரைந்த சுவர்.

சரி, பார்க்கிற நமக்கு? நாமும்தான் கேட்க வேண்டும். அழுதது தப்பே இல்லை. அழுத பிறகு, இது யார், எங்கே, அப்புறம் என்ன ஆனது என்று ஒரே ஒரு கேள்வி. அதைக் கேட்டுவிட்டால் கண்ணீர் நம்முடையதாகிறது. கேட்காவிட்டால், இருக்கவே இருக்கிறது முட்டை தோசை.

மழை விட்டது. கிளம்பும்போது, அந்த ஜப்பான் வீடியோவை என் போனுக்கு அனுப்பச் சொன்னேன்.

"அனுப்ப மாட்டேன் அண்ணாச்சி. முழுப் படத்தையும் பாத்துட்டு போன் பண்ணுங்க, அப்புறம் அனுப்புறேன். அந்த அத்தைக்கு ரெண்டு சீன் சேக்கணும்னு தோணுது" என்றான்.

பார்த்துவிட்டேன். அவனுக்குத்தான் இன்னும் போன் பண்ணவில்லை. பேசுவதற்குக் குரல் சரியாகட்டும் என்று காத்திருக்கிறேன்.