இரண்டாம் செவ்வாய்க்கிழமை

இங்கிலாந்தில், கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் ஆட்வென்ட் காலம் தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு, கிறிஸ்துமஸ் புட்டிங் கிண்டும் நாள். உலர்திராட்சை, மாட்டுக்கொழுப்பு, ரொட்டித்தூள், சாதிக்காய், பிராந்தி என்று பதின்மூன்று பொருள் சேரவேண்டும். இயேசுவுக்கும் பன்னிரண்டு சீடருக்குமான கணக்கு அது. குழந்தை இயேசுவைக் காண சாஸ்திரிகள் வந்த திசைப்படி கிழக்கிலிருந்து மேற்காகக் கிண்டுவார்கள். வீட்டிலுள்ள எல்லோருடைய கையும் அகப்பையில் படவேண்டும். கென்ட்டில் என் மாமியார் கைக்குழந்தையின் விரல்களைக்கூட அதில் சேர்த்துப் பிடிப்பார். தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்த நான், இதுவும் ஒரு ஜெபம் என்றே நம்புகிறேன்.

பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கண்டிப்பான புராட்டஸ்டண்டுகளான பியூரிட்டன்கள் அப்படி நம்பவில்லை. அவர்களை நான் லேசாக எண்ணுவதில்லை. டிசம்பர் 25 என்று வேதத்தில் எங்கும் இல்லை. ஆண்டவர் பேரைச் சொல்லி குடியும் சூதும் நடந்ததும் உண்மை. 1644இல் கிறிஸ்துமஸ் மாதாந்தர உபவாச நாளில் வந்தபோது, உபவாசமே இருங்கள் என்றது அவர்கள் கை ஓங்கியிருந்த பாராளுமன்றம். 1647 ஜூனில் கிறிஸ்துமஸ், ஈஸ்டர், பெந்தெகொஸ்தே மூன்றையும் நீக்கிவிட்டது. கடலுக்கு அப்பால் மாசசூசெட்ஸில் 1659 முதல் 1681 வரை, கொண்டாடியவருக்கு ஐந்து ஷில்லிங் அபராதம்.

ஆனால் அதே 1647இல் அதே பாராளுமன்றம், வேலைக்காரர்களுக்கும் தொழில் பழகும் பையன்களுக்கும் மாதந்தோறும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை விடுமுறை கொடுத்தது. ஓய்வின் அருமை தெரிந்தவர்கள்தாம். அப்படியிருந்தும் அந்த டிசம்பர் 25 அன்று, கடைகளைத் திறக்கச் சொல்லி கென்ட்டிலுள்ள கான்டர்பரியின் மேயர் உத்தரவிட்டதும் ஊர் கொதித்தது. திறந்த கடைகளின் சரக்கு தெருவில் சிதறியது. வாசல்களில் கிறிஸ்துமஸ் அலங்காரமாக ஹாலி கிளைகள் தொங்கின, தெருவில் கால்பந்து உருண்டது. அடுத்த ஆண்டு கென்ட் முழுவதும் கிளர்ச்சி.

செவ்வாய்க்கிழமை ஏன் போதவில்லை? அன்று பையன் தூங்கலாம், ஊர் சுற்றலாம். ஆனால் அன்று யாரும் பிறக்கவில்லை. எஜமானும் பையனும் ஒரே செய்திக்காக ஒரே பலகாரம் தின்ன அதில் காரணமில்லை. தேவன் மாம்சமானார் என்று அறிக்கையிடுகிற நாம் அந்தச் செய்தியைக் காதால் மட்டும் கேட்டு நிறுத்த முடியாது. அவர் தாய்ப்பால் குடித்தார், ஆயக்காரரோடு பந்தியில் உட்கார்ந்தார், போஜனப்பிரியன் என்று ஏச்சும் வாங்கினார். பியூரிட்டன்கள் பிரசங்கத்தைக் காப்பாற்றினார்கள்; பந்தியை விட்டுவிட்டார்கள்.

எங்கள் சபையில், தனியாக வாழும் முதியவர்களுக்குக் கிறிஸ்துமஸ் மதியம் சாப்பாடு போடுகிறோம். வான்கோழியும் புட்டிங்கும் உண்டு. செலவு அதிகம், ஆராதனை மட்டும் வைத்துக்கொள்வோம் என்று அவ்வப்போது பேச்சு எழும். ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று கான்டர்பரி கதையைச் சொல்கிறேன். இந்த ஆண்டும் சொல்வேன்.