ஊழியத்தின்மேல் கட்டிய தர்ம ராஜ்யம்





கலி என்றவுடன் கோரப் பல்லும் கொடுவாளுமாக ஓர் உருவத்தையே பலரும் மனதில் நினைக்கிறார்கள். அகிலத்திரட்டு அம்மானை காட்டும் கலியன் அப்படி வரவில்லை. குறோணியின் ஆறாவது துண்டாகப் பிறந்த அவன், ஈசனிடம் முறையாகக் கேட்டு வரம் வாங்கிக்கொண்டு வந்தான். பண்டாரமாக எதிரே நின்ற நாராயணரிடம், பண்டாரங்களை இம்சிக்க மாட்டேன் என்று ஆணையும் இட்டுக் கொடுத்தான். அவன் கையில் வாங்கிய சக்கரம் பணமாகிப் பூமிக்கு வந்தது. வரம், ஆணை, செல்வம் என்று பார்ப்பதற்கு எல்லாமே நல்லவைதாம். கலியை மாயை என்று சொல்வது இதனால்தான். அது அதர்மம் என்று பெயர் எழுதிக்கொண்டு வருவதில்லை, தர்மம் என்ற பெயரோடுதான் வருகிறது.

அய்யா வைகுண்டர் அவதரித்த திருவிதாங்கூர் நாடும் தன்னைத் தர்ம ராஜ்யம் என்றே சொல்லிக்கொண்டது. 1750-ஆம் ஆண்டில் மார்த்தாண்ட வர்மா தன் நாடு முழுவதையும் அனந்தபுரியில் பள்ளிகொண்ட பத்மநாப சுவாமிக்கு எழுதிக் கொடுத்தார். அதற்குத் திருப்படித்தானம் என்று பெயர். அன்று முதல் அரசர்கள் பத்மநாப தாசர் ஆனார்கள். அவருக்குப் பின் ஆண்டவருக்குத் தர்மராஜா என்றே பட்டம். ஆறு ஆண்டுக்கு ஒருமுறை 56 நாள் முறைஜபம் நடந்தது. வேத ஒலி வானத்தைத் தொட்டது. ஊட்டுப்புரைகளில் வேதியர்க்கு வயிறாரச் சோறு விழுந்தது. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு வைகுண்டமே மண்ணுக்கு வந்துவிட்டது போலத் தோன்றியிருக்கும்.

ஆனால் அந்த ஊட்டுப்புரைக்கு வாழையிலை அறுத்துச் சுமந்தவர் யார்? விறகு பிளந்தவர் யார்? காய்கறியும் எண்ணெயும் தலையில் ஏற்றிக் காத வழி நடந்தவர் யார்? இலை போட்டுப் பரிமாறிய அந்தக் கூடத்தின் வாசலுக்குக்கூட வர உரிமையில்லாத ஏழைகள். கொண்டுவந்த பொருளுக்கு உரிய விலை கிடையாது, சுமந்த தோளுக்குக் கூலியும் கிடையாது. அதற்கு ஊழியம் என்று பெயர். சர்க்கார் சுமை, உப்பு, ஓலை, யானைக்குத் தீவனம் என்று எந்த வேலைக்கும் அதிகாரி கைகாட்டியவன் போகவேண்டும். தன் வயல் காய்ந்தாலும், வீட்டில் பிள்ளை பசியால் அழுதாலும் போகவேண்டும். இதற்கு மேல் தலைக்கு ஒரு வரி, பனைக்கு ஒரு வரி. அந்த வரியைச் சக்கரமாக எண்ணிக் கொடுக்கவேண்டும். திருவிதாங்கூர் நாணயத்துக்குச் சக்கரம் என்றுதான் பெயர். கலியன் வாங்கிய சக்கரம் பணமான கதையை அகிலத்தில் கேட்ட மக்கள், அந்தப் பணம் தங்கள் முதுகைப் பிளந்ததை நேரிலேயே கண்டார்கள்.

அதற்கும் கீழே இன்னொரு தட்டு இருந்தது. 1836-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி திருவிதாங்கூரில் சுமார் பன்னிரண்டே முக்கால் லட்சம் மக்கள் இருந்தார்கள். அவர்களில் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானோர் அடிமைகள். எட்டுப் பேரை நிறுத்தினால் அதில் ஒருவர் அடிமை. புலையரும் பறையரும் நிலத்தோடு விற்கப்பட்டார்கள், அடகு வைக்கப்பட்டார்கள். சர்க்காருக்கே சொந்தமான அடிமைகளும் இருந்தார்கள். அரசர் தம்மைத் தெய்வத்தின் தாசர் என்று சொல்லிக்கொண்டார். அந்தப் பெயர் அவருக்குப் பெருமை தந்தது. மெய்யாகவே அடிமையாக இருந்தவன் தன் பெயரைச் சொல்லவே அஞ்சினான். தெய்வத்தின் பெயரால் கட்டிய ராஜ்யத்தின் அஸ்திவாரத்தில் தெய்வத்தின் பிள்ளைகளே புதைக்கப்பட்டிருந்தார்கள்.

கொல்லம் 1008, மாசி 20. திருச்செந்தூர்க் கடலிலிருந்து அய்யா வைகுண்ட அவதாரமாக எழுந்து வந்தார். அவர் கையில் வாள் இல்லை, பின்னால் படையும் இல்லை. ஆனாலும் அனந்தபுரி அஞ்சியது. ஏன்? அய்யா அந்தப் பொய்யான தர்மத்தின் அஸ்திவாரத்தைத் தொட்டார். அந்த அஸ்திவாரம் கல்லால் ஆனதல்ல. தான் தாழ்ந்தவன் என்று ஏழை தன்னையே நம்பியதுதான் அதன் அஸ்திவாரம். அந்த நம்பிக்கை போனால் அரண்மனை நிற்காது.

ஆகையால் அய்யா அந்த நம்பிக்கையை ஒவ்வொன்றாகக் கழற்றினார். குனிந்தே பழகிய தலையில் தலைப்பாகை கட்டி வணங்கச் சொன்னார். இடுப்பில் குடம் வைக்கக்கூடாது என்று தடுக்கப்பட்ட பெண்களை இடுப்பில் குடம் ஏந்தி நடக்கச் சொன்னார். ஒரு கிணற்றில் ஒரு சாதிதான் நீர் மொள்ளலாம் என்றிருந்த நாட்டில், பதினெட்டுச் சாதியும் சேர்ந்து குளிக்க முத்திரிக் கிணறு வெட்டுவித்தார். வாகைப்பதிக் கடற்கரையில் எழுநூறு குடும்பங்கள் துவையல் தவசு இருந்தன. மூன்று வேளைக் குளிப்பு, துவைத்த துணி, ஒருவேளை உணவு. அழுக்கு உன் பிறப்பில் இல்லை, உன்மேல் பிறர் பூசியது, அதைத் துவைத்துக் கரையேறு என்று அந்தத் தவசு கற்பித்தது. இதைவிடப் பெரிய கலகம் எது?

கலிநீசன் சும்மா இருக்கவில்லை. அய்யாவைக் கட்டி இழுத்துச் சென்று சிங்காரத்தோப்பில் சிறை வைத்தான். சுண்ணாம்புக் காளவாயும் மிளகாய்ப் புகையும் புலிக்கூண்டும் அய்யாவைத் தொடமுடியாமல் தோற்றதை எல்லா அன்பரும் அறிவர். ஆனால் அந்தச் சிறையில் அதைவிடக் கொடிய சோதனை ஒன்று வந்தது. தன் சாதி மக்களோடு மட்டும் இருப்பேன் என்று எழுதிக் கொடுத்தால் விடுதலை என்று அரசன் சொன்னான். புலிக்கூண்டு உடலுக்கு வைத்த சோதனை. இது தர்மத்துக்கு வைத்த சோதனை. ஒப்பியிருந்தால் உடனே வீடு திரும்பியிருக்கலாம். தன்னைச் சேர்ந்தவர்களுக்கு ஒரு சின்ன வைகுண்டம் கட்டியிருக்கலாம். அய்யா ஒப்பவில்லை.

இந்த இடத்தில் அன்புக்கொடி மக்கள் நின்று யோசிக்கவேண்டும். அரசன் நீட்டிய ஓலை என்ன சொன்னது? உன் மக்கள் மட்டும் சுகமாக இருக்கட்டும், மற்றவனை எங்களுக்கு விட்டுவிடு என்றது. திருவிதாங்கூரின் தர்ம ராஜ்யமும் அதே அச்சில் வார்த்ததுதான். சிலருக்குச் சொர்க்கம், அந்தச் சொர்க்கத்தைச் சுமக்கக் கீழே வேறு சிலர். அய்யா அரசனுடைய சிறையை மட்டும் மறுக்கவில்லை, அவனுடைய சொர்க்கத்தையும் மறுத்தார்.

1851-ஆம் ஆண்டு வைகாசி 21-இல் அய்யா வைகுண்டம் ஏகினார். 1855-இல் திருவிதாங்கூர் அடிமைமுறையை ஒழித்து ஆணையிட்டது. பல காலம் நடந்த தோள்சீலைப் போராட்டத்துக்குப் பின் 1859-இல் பெண்கள் மார்பை மூடும் உரிமையும் ஆணையாக வந்தது. அரசு ஆணை பிறப்பிக்கும் முன்பே பதியில் அடிமை என்று ஒருவரும் இல்லை.

அப்படியானால் கலி செத்துவிட்டதா? கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. அதற்குப் பின்னும் செங்கல் சூளைகளில் முன்பணம் வாங்கிய குடும்பங்கள் பிள்ளைகளோடு கட்டுண்டு கிடந்து மீட்கப்பட்ட செய்திகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. அந்தச் செங்கல்லால் எழும் வீட்டில் விளக்கேற்றும்போது, அது யார் வேர்வை என்று கேட்பவன்தான் அய்யாவின் பிள்ளை.

இன்னும் அருகில் பார்த்தால், திருநாள் அன்று ஆயிரம் பேருக்கு அன்னதர்மம் நடக்கிறது. அண்டா கழுவுகிறவர்கள் பந்தியில் உட்கார்ந்தார்களா? பந்தல் போட்ட கூலிக்காரனுக்குத் திருநாள் முடியும் முன் கூலி போய்ச் சேர்ந்ததா? வீட்டு வேலைக்கு வரும் அம்மாளுக்குத் தனிக் குவளை வைத்துவிட்டு முத்திரிக் கிணற்றில் பதம் விட்டுக்கொள்வது எப்படித் தகும்? விடியலில் எழுந்து வீட்டார் எல்லாரையும் உகப்படிப்புக்கு அனுப்பிவிட்டு, தான் மட்டும் அடுப்படியில் நின்றுவிடும் பெண்ணின் வேலை பணிவிடையா, ஊழியமா? தானாக மனமுவந்து செய்தால்தான் பணிவிடை. வேறு வழியில்லாமல் செய்தால் அதற்குப் பழைய பெயர்தான் பொருந்தும்.

பள்ளியறையில் நிலைக்கண்ணாடி இருக்கிறது. வணங்க வருகிறவன் அதில் தன்னைக் காண்கிறான். தனக்குள் இருக்கும் அய்யாவை அங்கே காண்பது பாதிப் பாடம். தன் சுகத்துக்காகத் தன் பின்னால் யாராவது குனிந்து நிற்கிறார்களா என்று அதே கண்ணாடியில் பார்ப்பது மீதிப் பாடம்.

வரப்போகும் தர்மயுகத்தில் கீழ்த்தட்டு என்று ஒன்று கிடையாது. அங்கே சுமப்பவன் வேறு, உண்பவன் வேறு என்று இல்லை. அந்த யுகத்துக்குக் காத்திருக்கிறவர்கள் தங்கள் வீட்டையும் தாங்கலையும் இன்றே அப்படி ஆக்கவேண்டும். கூலியை அன்றன்றே கொடுப்பதும், ஒரே பந்தியில் உட்கார்வதும், குனிந்தவரைக் கைகொடுத்து நிமிர்த்துவதும் தர்மயுகத்துக்கு வைக்கும் கால்கோள்.

அய்யா துணை.