பாதையும் சுயாதீனமும்



பள்ளிக்கூட விடுமுறை வந்தால் நம் பங்கின் வீடுகளில் ஒரு வழக்குத் தவறாமல் எழும். பிள்ளையின் கையில் செல்போனோ கம்ப்யூட்டரோ இருக்கும். அதில் ஒரு வீரன் காடு மலை தாண்டிப் போய்க்கொண்டிருப்பான். தாயார் சாப்பிடக் கூப்பிட்டால், "கொஞ்சம் பொறுங்கம்மா, இந்த இடத்தைத் தாண்டிவிட்டு வருகிறேன்" என்று பதில் வரும். எவ்வளவு நேரம் ஆடலாம் என்பதைப் பெற்றோர் உறுதியாகத் தீர்க்க வேண்டும். அதில் இரண்டு பேச்சு இல்லை. இன்று நாம் யோசிக்கப்போவது வேறொன்று. இவ்வகை ஆட்டங்களைச் செய்கிறவர்கள் நெடுநாளாய் ஒரு கேள்வியோடு போராடி வருகிறார்கள்: ஆடுகிறவனுக்கு ஒரே பாதையை வகுத்து நடத்துவதா, அல்லது அவன் மனம்போல் போக விடுவதா? இது வேதசாஸ்திரம் படித்தவர்களுக்கும் பழைய கேள்வி. பிள்ளை வளர்க்கிறவர்களுக்கும் அன்றாடக் கேள்வி அன்றோ?

நமக்குத் தெரிந்த ஆட்டங்களிலிருந்து தொடங்குவோம். வைகுண்ட ஏகாதசி இரவில் நம் இந்துச் சகோதரர்கள் கண் விழித்துப் பரமபதம் ஆடுவதுண்டு. ஏணி புண்ணியத்துக்கு அடையாளம். பாம்பு பாவத்துக்கு அடையாளம். நல்ல போதனைதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆடுகிறவர் ஏணியைத் தேடிப் போவதுமில்லை, பாம்பை விட்டு விலகுவதுமில்லை. தாயம் விழுந்தபடி காய் நகருகிறது. புண்ணிய பாவத்தைக் குறித்த அந்த ஆட்டத்தில், ஆடுகிறவர் புண்ணியம் செய்யவும் இடமில்லை, பாவம் செய்யவும் இடமில்லை.

ஆடுபுலி ஆட்டமோ வேறு வகை. தரையில் கோடு கிழித்து, ஒருவர் 3 புலிகளும் மற்றவர் 15 ஆடுகளும் வைத்து ஆடுகிறார்கள். கோட்டை விட்டு எந்தக் காயும் நகரக்கூடாது. ஆயினும் ஒவ்வொரு நகர்த்தலிலும் ஆடுகிறவரின் புத்தியும் பொறுமையும் வெளிப்படுகின்றன. கோடுகள் அவருடைய சுயாதீனத்தைக் கெடுக்கவில்லை. கோடுகள் இல்லாவிட்டால் யோசிக்கவே ஒன்றும் இராது.

இனிப் பிள்ளைகளின் ஆட்டத்துக்கு வருவோம். ஒரு பாத்திரத்தை ஏற்று ஆடுவதால் இதற்கு ரோல் பிளேயிங் கேம் என்று பெயர். 1974-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ஆட்டத்தை வெளியிட்டார்கள். சிலர் மேசையைச் சுற்றி உட்கார, ஒருவர் கதையை நடத்துவார்; மற்றவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார்கள். கதை நடத்துகிறவர் எல்லாவற்றையும் முன்கூட்டியே முடிவு செய்து மற்றவர்களை இழுத்துக்கொண்டு போனால், அதற்குத் தண்டவாளம் போடுதல் என்றே அவர்களிடையே பெயர். தண்டவாளத்தில் போகும் ரயில் அம்பாத்துரையைத் தாண்டியதும் சிறுமலைப் பக்கம் திரும்ப முடியுமா?

மேசையில் மனிதர் இருக்கிறார்; கேட்டதற்கு ஏற்ப அப்போதே கதையை மாற்றுவார். கம்ப்யூட்டர் ஆட்டத்திலோ எல்லாவற்றையும் முன்பே எழுதி வைக்க வேண்டும். ஒவ்வொரு தேர்விலும் கதை இரண்டாகப் பிரிந்தால், 10 தேர்வுகளில் 1024 முடிவுகள் ஆகும். இத்தனையும் யார் எழுதுவது? ஆதலால் பாதையைப் பிரித்து மறுபடி ஒன்று சேர்க்கிறார்கள். திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குக் கொடைரோடு வழியாகவும் போகலாம், நத்தம் சுற்றியும் போகலாம், சேருமிடம் மதுரையே.

இதில் இரு பக்கமும் தவறியவை உண்டு. 2009-ல் ஜப்பானில் வெளிவந்த 'ஃபைனல் ஃபேண்டஸி 13' என்ற ஆட்டத்தில், நீண்ட நேரம் ஒரே நடைக்கூடத்தில் நடப்பது போல் இருக்கிறது என்று ஆடியவர்களே குறைப்பட்டார்கள். 2011-ல் வந்த 'ஸ்கைரிம்' இதற்கு நேர்மாறு. எந்தத் திசையிலும் போகலாம். ஆனால் உலகத்தை அழிக்க ஒரு பறவைநாகம் வந்துவிட்டது என்று கதை சொல்ல, ஆடுகிறவன் பூப்பறித்துக்கொண்டு எத்தனை நாளும் திரியலாம். உலகம் அவனுக்காகக் காத்திருக்கும். தாமதத்துக்கு விலையே இல்லை. நம் ஆண்டவர் சொன்ன பத்துக் கன்னியர் உவமையில் அப்படியில்லை, கதவு அடைக்கப்படுகிறது. எதைச் செய்தாலும் ஒன்றும் ஆகாது என்ற நிலையைச் சுயாதீனம் என்று எப்படிச் சொல்வது?

அப்படியானால் சரியான வழி எது? இரண்டு ஆட்டங்களைச் சொல்கிறேன்.

1985-ல் ரிச்சர்ட் கேரியட் என்பவர் 'அல்டிமா 4' என்ற ஆட்டத்தைச் செய்தார். அதில் கொன்று முடிக்க வேண்டிய பெரிய எதிரி யாரும் இல்லை. நேர்மை, இரக்கம், தாழ்ச்சி முதலான 8 புண்ணியங்களில் தேர்ச்சி பெறுவதே நோக்கம். மூலிகை விற்கும் ஒரு பார்வையற்ற பெண்ணிடம் சரக்கு வாங்கும்போது, எவ்வளவு பணம் வைப்பது என்பது ஆடுகிறவன் கையில் இருக்கிறது. குறைத்து வைத்தால் அங்கே யாரும் பிடிப்பதில்லை. ஆனால் ஆட்டம் அதைக் குறித்துக்கொள்கிறது; நேர்மை குறைகிறது; சேர வேண்டிய இடம் தூரமாகிறது. சேருமிடம் ஒன்றே, அங்கே போவதா என்பது மட்டும் அவனுடையது.

1995-ல் ஜப்பானில் வந்த 'குரோனோ டிரிகர்' என்ற ஆட்டத்தில் கதாநாயகன் ஒரு திருவிழாவில் சுற்றுகிறான். யாரோ வைத்திருந்த சாப்பாட்டை விளையாட்டாக எடுத்துத் தின்னலாம், சும்மாவும் போகலாம். பின்னால் அவன் நீதிமன்றத்தில் நிற்கும்போது, அந்த அற்பச் செயல் சாட்சிக்கு வருகிறது. தீர்ப்பு குற்றவாளி என்று வந்தாலும், நிரபராதி என்று வந்தாலும், அவன் போவது சிறைக்குத்தான். கதை ஒரே பாதையில் ஓடுகிறது. ஆனால் எப்படிப்பட்டவனாய்ச் சிறைக்குள் நுழைகிறான் என்பதை ஆடுகிறவனே தீர்மானிக்கிறான்.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். கல்வாரி மலையில் இரண்டு கள்ளர்கள். ஒரே தீர்ப்பு, ஒரே மலை, ஒரே மரணம். எந்தப் பாதையும் அவர்களுக்குத் திறந்திருக்கவில்லை. ஆனாலும் ஒருவன் தூஷித்தான். மற்றவன் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆண்டவரை நோக்கித் திரும்பினான். ஆணி அடித்த கைகளோடு அவன் செய்த அந்தத் தேர்வைவிடச் சுயாதீனமான தேர்வு எது? நாம் பிறந்த வீடும் ஊரும், வரும் நோயும், சாவும் நாம் தேர்ந்தவையல்ல. வாழ்க்கையின் பெரும்பகுதி வகுக்கப்பட்ட பாதைதான். அதில் யாராய் நடக்கிறோம் என்பதே நம்முடையது. சர்வேசுரன் கணக்குக் கேட்பதும் அதைத்தான்.

சர்வேசுரனுக்கு எல்லாம் முன்பே தெரியுமே, பிறகு நம் சுயாதீனம் எங்கே என்று சிலர் கேட்பார்கள். தபசுக்காலத்துப் பாஸ்கு நாடகத்தில் யூதாஸ் வேடம் போட்டவர், காட்டிக்கொடுக்க மாட்டேன் என்று சொல்ல முடியாது, வசனம் எழுதியாகிவிட்டது. மெய்யான யூதாஸ் அப்படியல்ல. அவன் கடைசி வரையில் திரும்பியிருக்கலாம். நேற்று நடந்தது நம் நினைவில் இருப்பதால், அதை நாம் பலவந்தமாய் நடத்தினோம் என்று ஆகுமா? அவ்வாறே, தேவன் முன்னறிந்திருப்பதும் யாரையும் பலவந்தம் செய்வதில்லை என்று அர்ச். அகுஸ்தீனார் விளக்கினார். மனிதன் தேவசாயல் என்பதற்கு மனச்சுயாதீனம் உயர்ந்த அடையாளம் என்று 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் போதித்தது.

இந்த ஆட்டங்களில் ஓர் ஆபத்தும் உண்டு. ஓரிடத்தில் ஆட்டத்தைச் சேமித்து வைத்துக்கொண்டு, தவறு செய்தால் அங்கேயே திரும்பி, நடந்ததை இல்லாமலாக்கிவிடலாம். 2015-ல் டோபி ஃபாக்ஸ் செய்த 'அண்டர்டேல்' இந்த வழக்கத்தையே கேள்வி கேட்டது. தாயைப் போல் காத்த ஒரு பாத்திரத்தைக் கொன்றுவிட்டு, பின்னால் திரும்பி வந்து கொல்லாமல் கடந்து போனாலும், வேறொரு பாத்திரம் "நீ செய்தது எனக்குத் தெரியும்" என்கிறது. பாவசங்கீர்த்தனத்தையும் சிலர் இப்படி அழித்து எழுதுவதாக எண்ணுகிறார்கள். அங்கே பாவம் மெய்யாகவே மன்னிக்கப்படுகிறது; ஆனால் திருடியதைத் திருப்பிக் கொடுக்கும் கடமை நிற்கிறது. இராயப்பர் மும்முறை மறுதலித்ததை உயிர்த்த ஆண்டவர் நடவாததாக ஆக்கவில்லை. மும்முறை நேசத்தைக் கேட்டு அந்தக் காயத்தைக் குணமாக்கினார்.

பெற்றோரே, உங்கள் காரியத்துக்கு வருகிறேன். சிலர் பிள்ளைக்குத் தண்டவாளம் போடுகிறார்கள்: எந்தப் படிப்பு, எந்த வேலை, எந்த வரன், எல்லாம் முடிவாகிவிட்டது. வேறு சிலர், "அவன் இஷ்டம்" என்று செல்போனைக் கொடுத்து ஒதுங்கிவிடுகிறார்கள். இரண்டிலும் பிள்ளை தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொள்வதில்லை.

நம் ஊரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1947-ல் காந்திகிராமத்தை நிறுவியவர்கள் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரன் அவர்களும். அம்மையார் இளம் வயதில் விதவையானவர். அக்காலத்து வழக்கப்படி அவர் பாதை அத்தோடு முடிந்தது. அவரோ மருத்துவம் படித்தார். பின்பு இருவரும் மணக்க விரும்பியபோது, காந்தியடிகள் கூடாது என்று தடுக்கவில்லை. உங்கள் இஷ்டம் என்று விட்டுவிடவும் இல்லை. ஓர் ஆண்டு பிரிந்திருந்து மனத்தைச் சோதித்துப் பார்க்கச் சொன்னார். 1940-ல் அவர் முன்னிலையிலேயே திருமணம் நடந்தது. அவர் போட்டது ஒரு கோடு, தேர்ந்தவர்கள் அவர்கள். அந்தத் தேர்வின் பலனை இன்றும் இந்தப் பக்கத்துக் கிராமங்கள் அனுபவிக்கின்றன.

ஆகையால் இந்த விடுமுறையில் ஒன்று செய்யுங்கள். பிள்ளை ஆடும்போது பத்து நிமிடம் அருகில் உட்காருங்கள். "இங்கே எதைத் தேர்ந்தாய்? ஏன்? அதனால் யாருக்கு என்ன ஆயிற்று?" என்று கேளுங்கள். பிறகு வீட்டுக் காரியம் ஒன்றை அவனிடமே ஒப்படைத்து, அதன் பலனை, நஷ்டமானாலும், அவனே சுமக்க விடுங்கள். ஜெபம், பூசை, உண்மை பேசுதல் என்னும் கோடுகளை மட்டும் அழிய விடாதீர்கள். காயை நகர்த்துகிற கை பிள்ளையுடையதாக இருக்கட்டும்.

பன்னிரண்டு வயதில் ஆலயத்தில் தங்கிவிட்ட திருப்பாலனை மூன்று நாள் தேடிக் கண்டு, காரணம் கேட்டு, விளங்காததையும் மனத்தில் வைத்துச் சிந்தித்த தேவமாதா உங்கள் குடும்பங்களுக்குத் துணை நிற்பாராக.

உங்கள் பங்குக் குரு