போல்ட்டை இறுக்கியவர் யார்?

ஆயில் மாற்றிய பின் சம்ப்பின் அடியில் இருக்கும் போல்ட்டை அரைகுறையாக இறுக்கி விட்டால், வண்டி ஷெட்டிலிருந்து கிளம்பும்போது ஒன்றும் தெரியாது. புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் ஈசிஆரைப் பிடித்துச் சென்னை நோக்கிப் போகும் வழியில்தான் ஆயில் ஒழுகித் தீரும், சிவப்பு விளக்கு எரியும், இன்ஜின் சீஸாகும். ஆயில் மாற்றும் கூலி சில நூறு ரூபாய். இன்ஜினைப் பிரித்துக் கட்டுவதென்றால் செலவு பல ஆயிரத்தில் நிற்கும்.

அது ஷெட்காரர் தலையில்தான் விழ வேண்டும் என்பதில் சட்டத்துக்குக் குழப்பமில்லை. பிறர் பொருளைப் பொறுப்பேற்றவர், விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைப் பேணும் அளவுக்கு அதைப் பேண வேண்டும் என்கிறது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். 'சேதத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று பலகை மாட்டித் தப்பிவிடவும் முடியாது. டெல்லி தாஜ்மகால் ஹோட்டலில் சாவி வாங்கி நிறுத்தப்பட்ட ஒரு மாருதி ஜென் 1998-இல் திருடுபோனது. அந்த வழக்கில், தன் கவனக்குறைவுக்கு அப்படியொரு வாசகத்தைக் கேடயமாக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொல்லிவிட்டது.

சிக்கல் மனத்தில்தான். போல்ட்டில் கை வைத்தது பெரும்பாலும் தொழில் பழக வந்த பையன். "பாவம், சின்னப் பையன், விட்டுடுங்க சார்" என்பார் முதலாளி. அதையும் மீறிக் கேட்டால், பணத்தைப் பையனின் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும் முதலாளிகளும் உண்டு. இரக்கத்தால் விட்டுக்கொடுப்பது நல்லதாகத் தோன்றலாம். ஆனால் சரிபார்க்காமல் வண்டியை வெளியே விடும் வழக்கம் அப்படியே நீடிக்கும். அடுத்த வண்டியில் அது பிரேக்காக இருக்கலாம்.

புதுச்சேரிக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. 1819-இல் இங்கே நடைமுறைக்கு வந்த பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 1384-ஆவது பிரிவு, தொழில் பழகுபவன் செய்த சேதத்துக்குத் தொழில் கற்பிக்கும் கைவினைஞரையே பொறுப்பாக்கியது. தன்னால் தடுத்திருக்க முடியாது என்று நிரூபித்தால்தான் அவருக்கு விடுதலை. ஒரு ஸ்பேனரை எடுத்து மறுபடி இறுக்கிப் பார்க்காதவர் அப்படிச் சொல்ல முடியுமா?

கேட்பவரிடமும் கணக்கு உண்டு. சிவப்பு விளக்கைப் பார்த்த பிறகும் "ஊர் போய்ச் சேரட்டும்" என்று ஓட்டியிருந்தால் நஷ்டத்தில் ஒரு பங்கு அவருடையது. 18 சதவீத ஜிஎஸ்டியை மிச்சப்படுத்த "பில் வேணாம்" என்றவர் இப்போது சட்டத்தைத் துணைக்கு அழைப்பது கொஞ்சம் வேடிக்கைதான். பில் இருந்தால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே 2 ஆண்டுகளுக்குள் முறையிடலாம். கட்டிய கூலி 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை.

தொகை எவ்வளவு என்பதில்தான் கோபம் நுழைகிறது. மன உளைச்சலுக்கும் ஈடு கேட்கச் சட்டம் இடம் தருகிறது. மனுவில் அதற்கான பத்தியில் பலரும் கை கூசாமல் லட்சங்களை எழுதுகிறார்கள். வழக்கின் தன்மையைப் பாராமல் எல்லாருக்கும் ஒரே 18 சதவீத வட்டியை ஈடாக வழங்குவதைக் காசியாபாத் வளர்ச்சி ஆணைய வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. இழப்பைக் காட்டித்தான் ஈடு கேட்க வேண்டும். ரிப்பேர் செலவு, வண்டி இழுத்து வந்த கூலி, ஓடாத நாட்களில் கொடுத்த ஆட்டோ வாடகை ஆகியவற்றுக்கு ரசீது காட்டலாம்.

பேசித் தீர்த்துக்கொண்டால், 'இந்தத் தொகை வேலையாள் சம்பளத்தில் பிடிக்கப்படாது' என்று சமரசக் கடிதத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லலாம். முதலாளி அதை மீறினால் வண்டிக்காரருக்குத் தெரியவராமல் போகலாம். அதனால், கையெழுத்தாகும்போது அந்தக் கடிதத்தைப் பையனும் படித்திருக்க வேண்டும்.