ஈடு

இங்கிலீஷில் இரண்டாக இருப்பது தமிழில் ஒன்றாகிவிடுவதுண்டு. அப்போதெல்லாம் மொழியின் வறுமை என்று நொந்துகொள்கிறோம். கலைச்சொல்காரர்கள் உடனே ஒரு புதுச் சொல்லைச் செய்யக் கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் இந்த வறுமையே சில சமயம் ஒரு விஷயத்தைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது என்று எனக்குப் படுகிறது. 'சுற்றுச்சூழல் பாதுகாப்பு' என்கிறோம். 'எரிசக்திப் பாதுகாப்பு' என்கிறோம். இங்கிலீஷில் முன்னது ப்ரொடெக்‌ஷன், பின்னது ஸெக்யூரிட்டி. வேறு வேறு இலாகாக்களில், வேறு வேறு ஃபைல்களில், ஒன்றின் முகத்தை ஒன்று பார்க்காமலே காலம் தள்ளிவிட அவற்றால் முடியும். தமிழில் அந்தச் சௌகரியம் இல்லை. ஒரு பாதுகாப்பு இன்னொரு பாதுகாப்பின் மேல் போய் முட்டிக்கொள்கிறது. எதை, எதிலிருந்து, யாருக்காக என்று கேட்டுக்கொள்ளாமல் வாக்கியத்தை முடிக்க முடிவதில்லை.

ஷேல் வாயு பற்றிய சர்ச்சைகளைச் சில வருஷங்களாகவே படித்துவருகிறேன். கவிதையும் விமர்சனமும் வரும் பத்திரிகையில் இதற்கு என்ன வேலை என்று கேட்கக்கூடிய நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: பூமி சாஸ்திரம் என் அக்கறை அல்ல. தன் மண்ணில் செய்யக்கூடாது என்று ஒரு தேசம் சட்டம் போட்டுத் தடுத்த காரியத்தை, இன்னொரு தேசத்தின் மண்ணில் செய்யவிட்டு, அதன் பலனை மட்டும் விலை கொடுத்து வாங்கிக்கொள்ளலாமா? இந்தக் கேள்விதான் என்னைத் தொந்தரவு செய்கிறது.

காரியம் என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஷேல் என்பது சேறு இறுகித் தகடு தகடாக ஆகிவிட்ட பாறை. அதற்குள் வாயு அடைபட்டுக் கிடக்கிறது. சாதாரணமாகத் துளை போட்டால் வெளியே வராது. எனவே கிலோமீட்டர் கணக்கில் கீழே இறங்கி, அங்கிருந்து படுக்கைவாட்டில் திரும்பி, மணலும் ரசாயனங்களும் கலந்த தண்ணீரைக் கடும் அழுத்தத்தில் செலுத்திப் பாறையை விரிசல்விடச் செய்கிறார்கள். தண்ணீர் வடிந்த பிறகும் விரிசல் மூடிக்கொள்ளாமல் மணல் முட்டுக்கொடுத்து நிற்கிறது. ஒரு கிணற்றுக்குக் கோடிக்கணக்கான லிட்டர் தண்ணீர். அதில் ஒரு பங்கு பாறையின் உப்பையும் கசடையும் சுமந்துகொண்டு மேலே திரும்பிவருகிறது. அதை எங்கே கொட்டுவது என்பது தனிப் பிரச்னை. டெக்ஸாஸில் ஃபோர்ட் வொர்த் நகரைச் சுற்றியுள்ள பார்னெட் ஷேலில் ஜார்ஜ் மிட்செலின் கம்பெனி பல வருஷம் விடாமல் முயன்று, 1990களின் கடைசியில் இதை லாபமுள்ள தொழிலாக்கியது.

2011 ஜூலையில் ஃப்ரான்ஸ் இந்த முறையைச் சட்டம் போட்டுத் தடைசெய்தது. 2013இல் அந்நாட்டின் அரசியல் சாசனக் கவுன்ஸில் அந்தத் தடை செல்லும் என்றது. 2020 நவம்பரில் எஞ்ஜி என்ற ஃப்ரெஞ்சுக் கம்பெனி டெக்ஸாஸிலிருந்து திரவ வாயு வாங்குவதற்காக நடத்திவந்த பேச்சை நிறுத்திக்கொண்டது. அங்கே வாயு எடுக்கும் விதத்தைப் பற்றி, அந்தக் கம்பெனியில் பங்கு வைத்திருந்த ஃப்ரெஞ்சு அரசாங்கத்துக்கு உறுத்தல் இருந்தது. சட்டத்துக்கு ஒரு மனசாட்சி வந்து அது எல்லை கடந்தும் கொஞ்சம் வேலை செய்த அபூர்வத் தருணம் அது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. மே மாதம் அதே எஞ்ஜி, அதே டெக்ஸாஸ் விற்பனையாளரோடு, வருஷத்துக்கு 17.5 லட்சம் டன் வீதம் 15 வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டது. 2011ஆம் வருஷச் சட்டம் அப்படியே இருந்தது. பாறையின் சுபாவமும் மாறிவிடவில்லை.

இதைப் போலித்தனம் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். பலர் அதைத்தான் செய்கிறார்கள், முக்கியமாக எண்ணெய்க்காரர்கள். 'எப்படியும் வாங்கத்தானே போகிறீர்கள், உங்கள் வீட்டுக் கொல்லையிலேயே தோண்டுங்கள்' என்பது அவர்கள் வாதம். சொல்லும் செயலும் பொருந்தாத ஒருவனிடம், சொல்லைக் கைவிட்டுவிடு, பொருந்திவிடும் என்று யோசனை சொல்வதுபோல இது. போலித்தனத்திலாவது ஒரு அளவுகோல் மிச்சமிருக்கிறது. அதையும் பிடுங்கிப் போட்டுவிட்டால் நேர்மை வந்துவிடும் என்று நான் நம்பவில்லை.

காண்ட் கேட்டிருக்கக்கூடிய கேள்வி இன்னும் கடுமையானது. நீ பின்பற்றும் விதி எல்லோருக்குமான விதியாக ஆவதற்கு நீ சம்மதிப்பாயா? 'என் மண்ணில் இதைச் செய்யமாட்டேன்' என்ற விதியை உலகத்துத் தேசங்களெல்லாம் ஏற்கலாம். முரண் ஒன்றும் இல்லை. 'என் மண்ணில் செய்யமாட்டேன், அயலானிடம் வாங்கிக்கொள்வேன்' என்பதை எல்லோரும் ஏற்றால் விற்க ஒருவன் இருக்கமாட்டான். ஆக இந்த ஒழுக்கம், வேறெங்கோ ஒருவன் அந்த ஒழுக்கத்தை ஏற்காமலிருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பில் காலூன்றி நிற்கிறது. காண்ட் சொன்னதைக் கல்லூரியில் பரீட்சைக்காக நெட்டுருப் போட்டபோது அது கோணிக்ஸ்பெர்க்கை விட்டு அதிக தூரம் போகாத ஒருவரின் வறட்டுக் கணக்கு என்றுதான் தோன்றியது. வாயுக் கப்பல்களுக்கு அது இத்தனை பொருந்தும் என்று யார் கண்டது.

ஆனால் வங்கியில் கடன் பிரிவில் உட்கார்ந்திருப்பவனுக்கு காண்ட் போதவில்லை. ஸெக்யூரிட்டி என்ற சொல்லுக்கு எங்கள் மேஜையில் வேறு அர்த்தம். அது ஈடு. கடன் வாங்குகிறவன் வைக்கும் நகை, வீட்டுப் பத்திரம், நிலம். கடன் கொடுத்தவன் நிம்மதியாகத் தூங்குவதற்காக இன்னொருவர் தன் உடைமையைப் பணயமாக வைக்கிற ஏற்பாடு. இதில் எத்தனை அநியாயங்கள் நடந்தாலும் ஒரு விதியை மட்டும் எவ்வளவு மோசமான மானேஜரும் மீறுவதில்லை: உடைமைக்காரரின் கையெழுத்து இல்லாமல் ஈடு இல்லை. மூன்றாம் மனிதரின் நிலம் என்றால் அவரே நேரில் வரவேண்டும். எதற்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்று அவருக்குப் புரியும் பாஷையில் படித்துக்காட்ட வேண்டும். கைநாட்டாக இருந்தால் படித்துக்காட்டியதாக இன்னொருவர் சாட்சி எழுத வேண்டும்.

இப்போது 'எரிசக்தி ஸெக்யூரிட்டி' என்பதை எரிசக்தி ஈடு என்று வாசித்துப் பாருங்கள். பாரீஸில் ஒரு வீட்டின் கதகதப்புக்கு டெக்ஸாஸில் ஏதோ ஓர் ஊரின் நிலத்தடி ஈடாக வைக்கப்பட்டிருக்கிறது. கையெழுத்து யாருடையது?

டென்டன் என்ற ஊர் மிட்செல் வித்தை பிறந்த அதே பார்னெட் ஷேலின் மேல் இருக்கிறது. எதிர்ப்புக்குப் பேர்போன ஊர் அல்ல. டெக்ஸாஸ் ஊர், வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் பக்கத்திலேயே கிணறுகளைப் பார்த்துப் பழகிய ஊர். 2014 நவம்பரில் அந்த ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டு, ஊர் எல்லைக்குள் பாறையுடைப்பு கூடாது என்று முடிவு செய்தார்கள். நூற்றுக்கு ஏறக்குறைய 59 பேர் தடைக்கு ஆதரவு. 2015 மே மாதம் டெக்ஸாஸ் மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஊர்கள் இப்படித் தடைபோடுவதே செல்லாது என்றது. ஜூன் மாதம் டென்டன் நகரசபை தன் தடையைத் தானே ரத்துசெய்தது. கையெழுத்து வாங்கப்படவில்லை என்று இதைச் சொல்ல முடியாது. கேட்கப்பட்டது, மறுக்கப்பட்டது, மறுத்த பிறகு வேறொருவர் போட்டார். இதற்கும் முன்பே, 2005இல், வாஷிங்டன் குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து (டீசல் கலந்தால் தவிர) இந்தப் பாறையுடைப்புக்கு விலக்குக் கொடுத்திருந்தது. குடிநீர்ப் 'பாதுகாப்பு'. சொல்லைக் கவனியுங்கள்.

டென்டன் வாயு பாரீஸுக்குப் போனது என்று நான் சொல்லவில்லை. குழாய்களில் எல்லாம் கலந்துவிடுகிறது. எங்கள் கவுண்டரில் வந்து விழும் நோட்டைப் போலத்தான்: எந்தக் கையிலிருந்து வந்ததென்று அதில் எழுதியிருக்காது. இந்தக் கலந்துவிடுதல் வாங்குகிறவனுக்கு மிகவும் வசதியானது. யார் மறுத்த வாயு, யார் சம்மதித்த வாயு என்று பிரிக்க முடியாது. ஆகவே பிரிக்கவேண்டிய பொறுப்பும் தனக்கில்லை என்று அவன் நினைத்துக்கொள்ளலாம்.

மறுத்தவர்களைத் தாண்டிப்போவது டெக்ஸாஸின் தனிக்குணம் என்று எண்ணிவிட வேண்டாம். இங்கிலாந்தின் லங்காஷயரில் 2015 ஜூனில் கவுண்டி கவுன்ஸில் ப்ரெஸ்டன் நியூ ரோட்டில் தோண்ட அனுமதி மறுத்தது. 2016 அக்டோபரில் லண்டனிலிருந்து அமைச்சர் அந்த மறுப்பைத் தள்ளி அனுமதி கொடுத்தார். ஆனால் அங்கே இன்னொரு விதியும் இருந்தது. 2011இல் அதே பகுதியில் முதலில் பாறையுடைத்தபோது 2.3 அளவில் பூமி நடுங்கியிருந்ததால், 0.5க்கு மேல் நடுங்கினால் வேலையை நிறுத்தவேண்டும் என்று ஏற்படுத்தியிருந்தார்கள். 0.5 என்பது கருவிக்கு மட்டுமே தெரியும் நடுக்கம். 2019 ஆகஸ்ட் 26ஆம் தேதி வந்தது 2.9. வீடுகளில் இருந்தவர்களுக்கே தெரிந்தது. நவம்பரில் அரசாங்கம் இங்கிலாந்து முழுவதும் நிறுத்திவைத்தது. 2022 செப்டம்பரில் ஒரு பிரதமர் எரிசக்திப் பாதுகாப்பின் பெயரால் அதை நீக்கினார். அடுத்த மாதமே அடுத்த பிரதமர் திரும்பக் கொண்டுவந்தார். எனக்கு இதில் உறைப்பது பிரதமர்கள் அல்ல. கவுன்ஸிலின் மறுப்புக்கு அசையாத அனுமதி நிலநடுக்கக் கருவியின் முள்ளுக்கு அசைந்தது. ஒழுங்குமுறை என்று நாம் மரியாதையோடு சொல்லும் விஷயத்துக்கு ஒரு எண் புரிகிறது. 'வேண்டாம்' என்ற சொல் புரிவதில்லை.

எரிசக்திப் பாதுகாப்பு வெறும் சாக்கு என்று சொல்லிவிட்டால் கட்டுரை சுலபமாக முடிந்துவிடும். அது சாக்கு அல்ல. வாயு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது 2022இல் தெரிந்தது, ஆனால் ஐரோப்பாவில் அல்ல. ஐரோப்பா எந்த விலைக்கும் வாங்கத் தயாராக இருந்ததால் கப்பல்கள் அங்கே திரும்பின. அந்த ஜூலையில் பாகிஸ்தான் 10 கப்பல் வாயுவுக்கு டெண்டர் விட்டது. விற்க ஒருவர்கூட முன்வரவில்லை. பங்களாதேஷ் அன்றைய சந்தை விலையில் வாங்குவதை நிறுத்திவிட்டு, முறைவைத்து மின்சாரத்தை வெட்டியது. வெட்டு விழுந்த ஆஸ்பத்திரி வார்டையோ தையல் மெஷினையோ நினைத்துப் பார்க்கிறவன், மண் முக்கியமா மின்சாரம் முக்கியமா என்று மேஜையைத் தட்டிப் பேசமாட்டான். எனக்குப் பட்டது இவ்வளவுதான்: ஒருவனின் பாதுகாப்பு இரண்டு பக்கமும் ஈடு கேட்கிறது. ஒரு பக்கம் வாயு எடுக்கும் ஊர், மறு பக்கம் வாயு கிடைக்காமல் போன ஊர். இரண்டு ஊருக்கும் ஒன்றையொன்று தெரியாது. கையெழுத்து இரண்டிலும் இல்லை.

நம் பக்கத்தைப் பார்க்காமல் ஃப்ரான்ஸை மட்டும் கேள்வி கேட்பது அழகல்ல. 2020 பிப்ரவரியில் தமிழக சட்டசபை தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களையும் கடலூர், புதுக்கோட்டையின் சில பகுதிகளையும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக ஆக்கியது. புதிதாக எண்ணெய், நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் வாயு எதுவும் அங்கே எடுக்கக்கூடாது. மன்னார்குடிப் பக்கம் மீத்தேன் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராக நடந்தவர்கள் இல்லாமல் அந்தச் சட்டம் வந்திருக்காது. ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்த கிணறுகளை அது தொடவில்லை என்ற குறை உண்டு. இருந்தாலும் டென்டனுக்குக் கிடைக்காதது மன்னார்குடிக்குக் கிடைத்தது, அதில் எனக்கு மனப்பூர்வமான சந்தோஷம். அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 2018 மார்ச்சில், கெயில் நிறுவனம் அமெரிக்காவுடன் செய்துகொண்ட நீண்டகால ஒப்பந்தத்தின் முதல் கப்பல் தாபோல் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. லூயிஸியானாவின் ஸபைன் பாஸிலிருந்து வருஷத்துக்கு 35 லட்சம் டன், 20 வருஷத்துக்கு. நம் நாட்டு யூரியா வாயுவிலிருந்துதான் செய்யப்படுகிறது. அந்த வாயுவில் பெரும்பகுதி கப்பலில் வருகிறது. மீத்தேனிலிருந்து காப்பாற்றிய அந்த நெல்வயலுக்கே யூரியா வேண்டியிருக்கிறது. மூட்டை மேல் டெக்ஸாஸ் என்றோ லூயிஸியானா என்றோ அச்சடித்திருப்பதில்லை.

இதனால் டெல்டா விவசாயி குற்றவாளியா என்று கேட்டால், இல்லை. அவர் தன் நிலத்துக்குக் கையெழுத்துப் போட மறுத்தார், அந்த மறுப்பு அவருடைய உரிமை. குற்றம் என்று ஒன்று இருந்தால் அது மறுக்கும் உரிமையைச் சிலருக்கு மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களின் மறுப்பைக் குழாயில் கலந்துவிடுகிற ஏற்பாட்டில் இருக்கிறது. வாங்குகிற தேசம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு என்று நினைக்கிறேன். இந்த வாயு எடுத்த ஊரில் அந்த ஊர்க்காரர்களுக்கு மறுக்க முடிந்ததா? மறுத்திருந்தால் செல்லுபடியாகியிருக்குமா? ஒரு நகைக்கடனுக்குக் கேட்கும் கேள்விகளில் பாதிகூட இல்லை இது.

2024இல் ஐரோப்பிய யூனியன் மீத்தேன் கசிவு பற்றி ஒரு விதி கொண்டுவந்தது. அதில் புதுமை, அது இறக்குமதிக்கும் பொருந்தும்படி எழுதப்பட்டிருப்பது. வெளிநாட்டிலிருந்து வாயு வாங்குகிறவர்கள், அங்கே கசிவு எப்படி அளக்கப்படுகிறது என்று காட்டவேண்டும் என்கிறது. சட்டம் தன் எல்லைக்கு அப்பால் எட்டிப்பார்த்துக் கேள்வி கேட்பது நடைமுறைக்கு ஒவ்வாத கனவு என்பவர்களுக்கு இதைக் காட்டலாம். எட்டிப்பார்க்க முடிகிறது. இதுவரை அது கேட்டிருப்பது குழாயிலிருந்து எத்தனை கிலோ தப்பிப் போனது என்று.