ஒரு மணி நேரக்காரனே, எழுந்து வா!

"எனக்கெல்லாம் நேரம் எங்கே சார் இருக்கு?" என்று இனி ஒருமுறை சொல்லாதே, தம்பி. உனக்கு நேரம் இருக்கிறது. உன் ஒரு மணி நேரத்துக்கு மதிப்பு உண்டு என்ற நம்பிக்கைதான் இல்லை. தொண்டு என்றால் வேலையை உதற வேண்டும், லட்சக்கணக்கில் அள்ளிக் கொடுக்க வேண்டும் என்று யாரோ உன் தலையில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். இறக்கிப் போடு அதை!

புற்றுநோய் வந்த வீட்டுக்குள் போய்ப் பார். நோயோடு மட்டுமா அவர்கள் மல்லுக்கட்டுகிறார்கள்? கதிர்வீச்சு சிகிச்சை இருக்கிறதே, நம் ஜனங்கள் 'கரண்ட் வைக்கிறது' என்பார்களே, அதற்கு மேஜையில் படுத்திருப்பது சில நிமிடங்கள்தான். ஆனால் பலருக்கு அதை வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஐந்தாறு வாரம் வைக்கிறார்கள். தினமும் கூட ஒரு ஆள் போக வேண்டும். தினக்கூலிக்குப் போகிற மகன் அத்தனை நாள் சம்பளத்தை விட்டால் அடுப்பு எப்படி எரியும்? இப்போது கணக்குப் போடு. உன் தெருவில் ஐந்து பேர், ஆளுக்கு ஒரு கிழமை. திங்கள் ஆட்டோ அண்ணன், செவ்வாய் ரிட்டயர்டு வாத்தியார், புதன் நைட் ஷிப்ட் முடித்து வருகிற ஐ.டி. தம்பி, வியாழன் நீ, வெள்ளி உன் அத்தை. மகன் வேலைக்குப் போய்விட்டான். அம்மாவுக்குச் சிகிச்சை முடிந்துவிட்டது. இதில் யாரும் மகாத்மா ஆகவில்லை!

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதே" என்கிறாயா? எழுதத் தெரியுமே! சிகிச்சைக்கு ரயிலில் போகிற புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி. கூடப் போகிறவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. டாக்டரிடம் அதற்கான சான்று வாங்க வேண்டும், அவ்வளவுதான். இது தெரியாமல் வட்டிக்கு வாங்கி டிக்கெட் எடுக்கிற குடும்பம் உன் ஊரிலேயே இருக்கும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு வருமானச் சான்று, ரேஷன் கார்டு நகல் என்று ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கும் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பிக் கொடு. உன் பேனாவுக்கு அரை மணி நேர வேலை.

உடம்பில் தெம்பு இருக்கிறதா? கீமோ ஏற்றினால் பலருக்கு ரத்தத்தில் தட்டணுக்கள் (பிளேட்லெட்) சரியும். தானமாக எடுத்த தட்டணு ஐந்து நாளுக்கு மேல் தாங்காது. மொத்தமாகச் சேர்த்துப் பூட்டி வைக்க முடியாது, கொடுக்கிறவர்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும். இயந்திரம் தட்டணுவை மட்டும் பிரித்துக்கொண்டு மீதி ரத்தத்தை உன் உடம்புக்கே திருப்பிவிடும். ஒரு சினிமா பார்க்கிற நேரம் ஆகாது. நீ தகுதியானவனா என்று ரத்த வங்கியில் சோதித்துச் சொல்வார்கள். போய்க் கேள்!

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, மாதர் சங்கத்தின் துணையோடு 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அன்று இருந்தவை 12 படுக்கைகள். மறு ஆண்டு இளம் டாக்டராக வந்து சேர்ந்த சாந்தா, 2021இல் கண்மூடும்வரை அந்த இடத்தை விட்டு அசையவில்லை. அப்படி ஒரு ஆயுளை உன்னாலும் கொடுக்க முடியாது, என்னாலும் முடியாது. யாரும் கேட்கவும் இல்லை. கேரளத்தில் பார்: 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம், பிறகு மலப்புரத்தில் ஊர் ஊராகப் பரவியபோது மக்களிடம் கேட்டது வாரத்துக்கு இரண்டே மணி நேரம். அதைக் கொடுத்த சாதாரண ஜனங்களுக்குப் பயிற்சி தந்து, படுக்கையில் கிடந்த நோயாளிகளின் வீடுகளுக்கு அனுப்பினார்கள். மலப்புரத்துக்காரனால் முடிந்தது உன்னால் முடியாதா?

ஒரு கண்டிப்பு மட்டும் வேண்டும். சளி, காய்ச்சல் இருந்தால் நோயாளிகள் பக்கமே போகாதே, அவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும். வாட்ஸ்அப் வைத்தியம் சொல்லாதே. "என்ன பாவம் செய்தாரோ" என்று பெருமூச்சு விடுகிறவன் வீட்டிலேயே இருக்கட்டும். புற்றுநோய் ஒட்டிக்கொள்ளும் என்று தனி டம்ளர் வைக்கிறவனும் அவனுக்குத் துணையாக இருக்கட்டும். என்ன பேசுவது என்று தெரியவில்லையா? நேற்றைய மேட்சைப் பேசு, சீரியலைப் பேசு. சும்மா உட்கார்ந்திருந்தாலும் சரி. ஆனால் வியாழன் வருகிறேன் என்றால் வியாழன் வந்து நில். ஒரு வாரம் ஏழு நாளும் ஓடிவிட்டு அடுத்த வாரம் காணாமல் போகிறவனை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்?

நாளைக்கே உன் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. புற்றுநோய்ப் பிரிவில் சமூகப் பணியாளர் யார் என்று விசாரி. எதிரே நின்று நிமிர்ந்து சொல்: "மேடம், எனக்கு வியாழக்கிழமை இரண்டு மணி நேரம் இருக்கு. என்ன வேலை கொடுக்கிறீங்க?"